இனிப்பு தெரியுது, மல்கோவா தெரியல!

கிருஷ்ணகிரியில் ஜூன் மாதம் மாம்பழமும் சளியும் ஒன்றாகத்தான் வரும். பள்ளிக்கூடம் திறந்ததும் பேரனின் பையில் புதுப் புத்தகம், மூக்கில் புது ரைனோ வைரஸ். நூற்றுக்கும் மேற்பட்ட வகை இருப்பதால், ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தாலும் அடுத்தது வரிசையில் நிற்கும். மூன்றாம் நாள் அது தாத்தாவிடம் போய்ச் சேரும்.

தாத்தா மாங்காய் மண்டிக்காரர் என்றால் கதை கந்தல். மல்கோவாவை எடுத்து, காம்படியில் மூக்கை வைத்து இழுப்பார். ஒன்றும் வராது. "ஏம்ப்பா, கல்லு வச்சுப் பழுக்க வச்சியா? வாசனையே இல்லியே!" தோட்டக்காரர் மரத்தில் பழுத்ததென்று சத்தியம் செய்வார். ஒரு கீற்று வெட்டி வாயில் போட்டால் இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும், மல்கோவா மட்டும் தெரியாது. நாக்குக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இது செந்தூராவா நீலமா என்று சொல்வது மூக்கின் வேலை. வாசனை அறியும் பகுதி மூக்கின் உச்சியில் ஒரு குறுகிய இடுக்கில் இருக்கிறது. சளிக்காலத்தில் அங்கே காற்றே போவதில்லை.

வீட்டில் அடுத்த கூத்து, சிந்துவது. சங்கு ஊதுவதுபோல் சத்தம் வரும், அடைப்பு மட்டும் அசையாது. ஏனென்றால் அடைத்திருப்பது பெரும்பாலும் சளி இல்லை, சதை. மூக்கின் பக்கச் சுவரில் மடிப்பு மடிப்பாகச் சதை உண்டு. வைரஸ் வந்ததும் அதிலுள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து, சதை வீங்கி வழியை மறிக்கும். வீங்கிய சதையைச் சிந்தி வெளியே தள்ள முடியுமா? வேகமாகச் சிந்தினால் காது அடைத்துக்கொள்வதுதான் மிச்சம். ஒரு துளையை மூடி, மறு துளையில் மெதுவாகச் சிந்தினால் போதும்.

வலப்பக்கம் படுத்தால் வலது மூக்கு அடைக்கும், திரும்பினால் இடது. ராத்திரி முழுக்க இதே உருளல். தலைமாட்டில் இன்னொரு தலையணை வைத்தால் கொஞ்சம் தேவலை.

ஆயா தைலத்தோடு வருவார். "பாரு, தொறந்துடுச்சு!" உண்மையில் திறக்காது, மென்தால் குளிர்ச்சி நரம்பைத் தூண்டிக் காற்று போவதுபோல் காட்டும். தூக்கம் வந்தால் சரி, ஏமாந்துவிட்டுப் போகலாம். ஆனால் கொதிக்கும் அண்டாவைச் சிறுபிள்ளை முன் வைத்துப் போர்வையால் மூடுவது வேண்டாம். அண்டா கவிழ்ந்தால் சளியை மறந்து தீக்காயத்துக்கு ஓட வேண்டிவரும்.

சதையை நிஜமாகவே சுருக்குவது ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துகள். பெரியவர்களுக்கு மூன்று நாள், அதோடு நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்தால் மருந்து இறங்கியதும் வீக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பும். பிறகு பாட்டில் இல்லாமல் தூக்கம் வராது. பிபி இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

உப்புத் தண்ணீரில் கழுவுவதில் இந்த வம்பு இல்லை. தண்ணீர் 240 மில்லி, அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், சோடா உப்பு ஒரு சிட்டிகை. கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது காய்ச்சி ஆறவைத்த தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் நேராக மூக்கில் விடாதீர்கள். அபூர்வமாக அதில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கும். உப்பு குறைந்தால் மூக்கு எரியும்.

சளி பச்சையானதும் மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் கேட்பது நம் வழக்கம். அந்த நிறம் நம் வெள்ளையணுக்களின் நொதியிலிருந்து வருவது. வைரஸ் சளியிலும் வரும். பத்து நாள் தாண்டினாலோ, குறைந்துவந்த சளி மறுபடி காய்ச்சலோடு ஏறினாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

அடைப்பு விட்டும் வாசனை திரும்பவில்லையா? ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும், ஒவ்வொன்றும் இருபது விநாடி, மூன்று மாதம் முகர்ந்து பழக வேண்டும். ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழு 2009-ல் வெளியிட்ட முறையை ஒட்டியது இது. ரோஜாவுக்குக் கவலையில்லை, பக்கத்தில் ஓசூர் இருக்கிறது.

அதுவரை தாத்தாவைக் கேஸ் அடுப்புக்குக் காவல் வைக்காதீர்கள். பால் தீய்ந்தாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. டியூப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு, ரெகுலேட்டரை மூடுகிற வேலையை மூக்கு திறந்திருக்கும் ஆளிடம் கொடுங்கள்.