சால்டரின் மேல் பாரம் ஏற்றாதீர்கள்

வால்யூம் குமிழைத் திருப்பினேன். கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை.

பெட்டியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் (திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) நடுக்காலைச் சுற்றி, அதை மின்சுற்றுப் போர்டோடு இணைக்கும் உருக்கிய உலோகப் பற்றான சால்டரில் முடி மாதிரி மெல்லிய ஒரு வட்ட விரிசல். குமிழை அசைத்தால் கால் அதற்குள் லேசாக ஆடுகிறது.

பாகத்தின் மேல் தப்பில்லை. முதலில் போர்டில் சால்டர் செய்துவிட்டு, பிறகுதான் பெட்டித் துளையில் நுழைத்து நட்டை முறுக்கியிருந்தேன். துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் போதும், அந்த இழுவை முழுக்க மூன்று கால்களில் போய் உட்கார்ந்துவிடும்.

கை படுகிற பாகம் எதுவானாலும் அதன் விசையைப் பெட்டிதான் தாங்க வேண்டும். சால்டர் மின்சாரத்துக்கு.

இந்த முறை நட்டு முதலில். கால்களில் போர்டை இழுவையில்லாமல் உட்கார வைத்து, கடைசியில் சால்டர்.

புள்ளி போர்டில் (வரிசையாகத் துளைகள் போட்ட போர்டு) செய்பவர்களுக்கு: 16 மி.மீ. பொட்டென்ஷியோமீட்டரில் கால் இடைவெளி பெரும்பாலும் 5 மி.மீ. போர்டில் இரண்டு துளை தள்ளினால் 5.08. ஏறக்குறைய சேர்ந்துவிடும். கால் பருமனாக இருந்தால் துளையைப் பெரிதாக்குங்கள், காலைத் திருகாதீர்கள்.

பொட்டென்ஷியோமீட்டரின் முகப்பில் ஒரு குட்டித் தகட்டு நாக்கு துருத்திக்கொண்டிருக்குமே, இடைஞ்சல் என்று ஒடித்துவிடுவோமே, அதற்கும் இன்று பெட்டியில் ஒரு சிறு துளை போட்டேன். எவ்வளவு அழுத்தித் திருப்பினாலும் உடல் சுழலவே இல்லை. எவ்வளவு அக்கறையாக யோசித்திருக்கிறார்கள்!

இப்போது திருப்புகிறேன். அடியிலிருந்து சத்தம் மெல்ல எழுந்து வருகிறது, ஒரு கரகரப்பும் இல்லாமல்.