சஸ்பென்ஸ் கணக்கில் அப்பா

அப்பாவுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழில், மரணத்தின் காரணம் என்ற இடத்தில், இதயமும் சுவாசமும் செயலிழந்துவிட்டன என்று இருக்கிறது. சாகிற எல்லோருக்கும் அவை இரண்டும் நிற்கத்தானே செய்யும்? இப்படி எழுத வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. எது தொடங்கிவைத்தது, அது எதில் கொண்டுபோய் விட்டது என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுத வேண்டும். அந்த நிறுவனத்தின் மாதிரிப் படிவத்தில் அதற்கென்றே தனித்தனி வரிகள் உண்டு. அப்பாவுக்குக் கிடைத்தது ஒரே வரி.

அவருக்கு 81 வயது. பிரஷருக்குத் தினமும் ஒரு மாத்திரை, முட்டிக்குத் தைலம், அவ்வளவுதான் அவருடைய வைத்தியம். இரவு படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "இந்த வயசுல தூக்கத்துல போறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும், 81 ஆகிவிட்டால் "எதனால்?" என்று பிள்ளைகள் கேட்கக்கூடாது போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது. நாற்பதில் போயிருந்தால் ஊரே கேட்டிருக்கும்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். இரண்டு பக்கமும் ஒட்டவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. அப்பா பிரஷர் பார்த்துக் குறித்து வைத்த நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கடைசிப் பதிவு 138/84. அதற்கு முந்தையதும் அதைச் சுற்றித்தான் இருந்தது. எங்கெல்லாம் 150ஐத் தாண்டியிருந்ததோ அங்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டேன். ஒரு பக்க ஓரத்தில் "நேற்று சரியாகத் தூக்கமில்லை" என்று எழுதியிருந்தார். அதற்கும் ஒரு வட்டம். முடித்துவிட்டுப் பார்த்தால், சாதாரண நோட்டு முழுவதும் அபாய அறிவிப்பாகத் தெரிந்தது.

பரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இங்கே பொருந்தும். 1814இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிப் படிக்கக் கொடுத்து, வெவ்வேறு குழுக்களிடம் வெவ்வேறு முடிவைச் சொன்னார்கள். எந்தக் குழுவுக்கு எந்த முடிவு சொல்லப்பட்டதோ, அதுதான் நடக்க வாய்ப்பு அதிகம் என்று அந்தக் குழு நினைத்தது. முடிவு தெரிந்துவிட்டால் முன்னால் நடந்ததெல்லாம் அதை நோக்கியே போனதாகத் தோன்றும். என் சிவப்பு வட்டங்களும் அந்த வகைதான். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அதே நோட்டைப் புரட்டிவிட்டு "நல்லாத்தான் இருக்குப்பா" என்று மூடி வைத்திருப்பேன்.

காரணம் தெரியாததில் இன்னொரு தொல்லை, வீட்டில் ஆளாளுக்குச் சந்தேகம் பிடித்துக்கொள்கிறது. பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்றவன் அண்ணன்; பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று தங்கை. மாத்திரையை மாற்றியதுதான் காரணம் என்று ஒரு நாள் பேச்சு வரும், அது பழைய கதை என்று மறுநாள் அடங்கும். இதற்கெல்லாம் நடுவே அம்மா வாயே திறக்கவில்லை. அதே அறையில் படுத்திருந்தவள் அவள்.

கடைசியில் அப்பாவை வழக்கமாகப் பார்த்துவந்த டாக்டரிடம் எல்லோரும் சேர்ந்து போனோம். துக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் ஒன்று சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: தனித்தனியாக இணையத்தில் தேடாமல், ஒன்றாகப் போய் ஒரே பதிலைக் கேளுங்கள். அவர் அவசரப்படாமல் உட்கார்ந்து பேசினார். பெரும்பாலும் இதயம்தான் என்றார். துடிப்பு திடீரென்று தாறுமாறாகி நின்றிருக்கலாம். அப்படி நடந்தால் உடலைத் திறந்து பார்த்தாலும் அந்தத் துடிப்பின் தடயம் கிடைக்காது. மாரடைப்பு என்றாலும், ஆரம்பித்துச் சில மணி நேரத்துக்குள் உயிர் போயிருந்தால் இதயத் தசையில் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். காலிலிருந்து ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தால் மட்டும் பரிசோதனையில் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. "இந்த வயசுல உள்ள பார்த்தா காரணம் ஒண்ணும் கிடைக்காதுன்னு இல்ல, நாலஞ்சு கிடைக்கும். அதுல எதுன்னு சொல்றதுதான் கஷ்டம்" என்றார். அண்ணன் அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

அப்புறம் அம்மா பேசினாள். "ராத்திரி ஒரு தடவை இருமினார். நான் திரும்பிப் படுத்துட்டேன்."

டாக்டர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. எப்படிப்பட்ட இருமல், ஒரு முறைதானா, மூச்சு வாங்கியதா, அதற்கு முன்பும் இருமுவாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தினமும் ஒன்றிரண்டு முறை இருமுவார்தான் என்று அம்மாவே சொன்னாள். துடிப்பு நின்றால் சில நொடிகளில் நினைவு போய்விடும், சில நிமிடங்களில் மூளைக்குச் சேதம் ஆரம்பித்துவிடும்; பக்கத்தில் விழித்திருந்தவருக்கே அது போதாத நேரம் என்று விளக்கினார். "கவலைப்படாதீங்கம்மா" என்ற வழக்கமான வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. கேள்விகள் கேட்டதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அன்று எனக்கு ஒன்று பிடிபட்டது. "எதனால் செத்தார்?" என்றுதான் நாங்கள் வாயால் கேட்டுக்கொண்டிருந்தோம், உள்ளே ஒவ்வொருவரும் கேட்டது "நான் தடுத்திருக்க முடியுமா?" என்பதை. முதல் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்திருந்தாலும் இரண்டாவது அப்படியே நின்றிருக்கும். மாரடைப்பு என்று உறுதியாகியிருந்தால், நெஞ்சுவலியைச் சொன்னாரா இல்லையா என்று அடுத்த விசாரணை தொடங்கியிருக்கும். மறுபுறம், முதல் கேள்விக்குப் பதில் இல்லாமலேயே இரண்டாவதற்கு ஓரளவு பதில் கிடைத்தது. டாக்டர் சொன்ன சாத்தியங்கள் எதிலும் எங்களில் ஒருவர் அந்த இரவில் செய்யத் தவறியது என்று எதுவும் இல்லை.

கணக்கில் ஒட்டாத தொகையைத் தற்காலிகமாக சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்போம். வருடக் கடைசியில் அதைத் தீர்த்தாக வேண்டும், ஆடிட்டர் விடமாட்டார். அப்பா விஷயத்தில் எனக்கு ஆடிட்டர் யாரும் இல்லை. வருடா வருடம் முன்கொண்டு போவதாக இருக்கிறேன். இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் 2022இல் தன் 96ஆம் வயதில் இறந்தபோது, அவருடைய சான்றிதழில் காரணம் 'முதுமை' என்று மட்டுமே இருந்தது. அதைப் படித்து ஆறுதலடைந்தேன் என்றால் சிரிப்பீர்கள், ஆனால் அடைந்தேன்.

காரணம் தெரியாததால் எங்களுக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. இதயத் துடிப்புக் கோளாறுகளில் சில குடும்ப வழியாக வரும். 81 வயதில் நடந்ததற்கு அது காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு என்றாலும், பிள்ளைகள் ஒருமுறை ஈசிஜி எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை என்றார் டாக்டர். நானும் தங்கையும் எடுத்துவிட்டோம், இருவருக்கும் ஒன்றுமில்லை. குடும்ப வரலாறு கேட்ட இடத்தில் "தந்தை, 81, தூக்கத்தில் மரணம், காரணம் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணன் மட்டும் வேலை, வெயில், வண்டி ரிப்பேர் என்று சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே போகிறான். அடுத்த வாரம் அம்மாவையே விட்டுக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.