அந்த 11 பிள்ளைகள்

எங்கள் பகுதியின் 9 அரசு தொடக்கப் பள்ளிகளையும் ஒப்பிடும் அட்டவணையைத் தயாரித்தது நான்தான். அது என் மேசையில் இருந்த நாளில் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தவர்; கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"மேடம், உங்க பிள்ளையா இருந்தா எங்க சேர்ப்பீங்க?"

தாளை அவர் பக்கம் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்தேன். மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் 82 சதவீதம். அவர் மகள் படித்த பள்ளி நான்காவது வரி, 72 சதவீதம். தலையாட்டினார். அடுத்த வாரமே மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டார்.

நான் சொன்ன எண்ணில் பொய் இல்லை. ஆனால் அந்த 82 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தேர்வு எழுதியது 11 பேர், தேறியது 9 பேர். ஒரே ஒரு பிள்ளை அன்று தடுமாறியிருந்தால் அது 73 ஆகியிருக்கும். நான்காவது வரிப் பள்ளியில் எழுதியவர்கள் 54 பேர், தேறியவர்கள் 39. ஆக, இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே நான் காட்டிய வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு குழந்தை. எண்ணிக்கை குறையக் குறைய சராசரி அதிகமாக ஆடும் என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே டி மோவ்ர் என்ற கணித அறிஞர் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். இதைப் படித்துத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். மறு ஆண்டு அதே சிறிய பள்ளியில் 10 பேரில் 6 பேர்தான் தேறினார்கள். அதை வைத்து அந்தப் பள்ளி கெட்டுவிட்டது என்று சொன்னால் அதுவும் தவறுதான்.

சரி, வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அவருக்கு வேண்டியது ஒரு பதில். வீட்டுச் சூழலும் மதிப்பெண்ணில் கலந்திருக்கிறது, அமெரிக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 1966-இல் வந்த கோல்மன் அறிக்கையே அதைச் சொல்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்திருந்தால், அவர் குழம்பிப்போய்த் திரும்பியிருப்பார். அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் இன்னொன்று நினைவுக்கு வந்துவிடும். நான்காவது வரிப் பள்ளிக்கு நான் நேரில் போயிருக்கிறேன். அங்கே ஓர் ஆசிரியை, வாசிக்கத் திணறிய ஒரு பையன் அருகில் தரையில் உட்கார்ந்து, சொல்லை ஒரு அட்டைத் துண்டால் மறைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். அவன் முழுச் சொல்லையும் சொல்லி முடிக்கும்வரை அட்டையை எடுக்கவில்லை. அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை. ஆனால் மகளோடு வந்தவர் என்னிடம்தானே கேட்டார், "உங்க பிள்ளையா இருந்தா" என்று? நான் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம்.

அந்தச் சிறுமி புதிய பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள் என்றுதான் கேள்வி. சந்தோஷம். ஆனாலும் மனம் ஆறவில்லை.

"நேரில் போய் ஒரு வகுப்பில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அவருக்கு இன்னொரு அரை நாள் வேண்டும். கிடைத்திருக்குமா?

நான் முதல் வரியில் விரலை வைத்திருந்தபோது, அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நான்காவது வரியில் இருந்த தன் பள்ளியின் பெயரை வாசித்தாள். ஓர் இடத்திலும் திக்கவில்லை.