நடைபாதை ஊருக்கு, நோட்டீஸ் உங்களுக்கு

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நடைபாதை பொதுவழிதான். ஆனால் அது உடைந்தால் சரிசெய்ய வேண்டியவர் ஒட்டியிருக்கும் மனையின் சொந்தக்காரர். இங்கேதான் இரண்டு பொறுப்புகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்: பழுதுச் செலவு வேறு, யாராவது தடுக்கி விழுந்தால் கொடுக்கும் நஷ்டஈடு வேறு. கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் பழுதை மனைக்காரர் தலையில் கட்டுகிறது. நஷ்டஈட்டையும் சேர்த்துக் கட்ட ஊர் தனியாக விதி போட வேண்டும். சான் ஹோசே அப்படிப் போட்டது. நியூயார்க்கில் 2003 முதல் நஷ்டஈடும் கட்டட உரிமையாளருடையதே. சொந்தக்காரரும் குடியிருக்கிற, மூன்று குடும்பம் வரையான வீடுகளுக்கு விலக்கு உண்டு. கீழே ஒரு கடை வைத்தால் அதுவும் போச்சு.

நியூயார்க்கில் அடுத்தடுத்த இரண்டு கான்கிரீட் பலகைகளுக்கிடையே அரை அங்குல ஏற்ற இறக்கம் இருந்தாலே குறைதான். சுண்டுவிரல் தடிமன், அவ்வளவுதான். மேடான பலகையில் நேர்க்கட்டை ஒன்றைப் படுக்கவைத்து, தாழ்ந்த பக்கம் நீட்டி, அடியில் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஸ்கேலும் பக்கத்து மரமும் ஒரே படத்தில் விழட்டும். பல இடங்களில் வேர்தான் குற்றவாளி. மேட்டை மெஷினால் தேய்த்துவிட்டால் வேலை சுலபம், ஆனால் வேர் வளர்ந்தால் மறுபடி தூக்கும். அதற்காக நீங்களே வேரை வெட்டாதீர்கள். மரம் ஊருடையது, பிடிமானம் போனால் காற்றில் சாயும். புதிதாகப் போடுவதானால் இறுக்கிய ஜல்லிமேல் 4 அங்குல கான்கிரீட், சாலைப் பக்கம் 2 சதவீதத்துக்கு மிகாத சரிவு. சரிவு வீட்டுப் பக்கம் திரும்பினால் மழைநீர் அடித்தளத்துக்குள் இறங்கும்.

சுவர்க் கிறுக்கலில் அநியாயம் இன்னும் பச்சை: எவனோ கிறுக்குவான், அழிக்காவிட்டால் அபராதம் உங்களுக்கு. சான் பிரான்சிஸ்கோவில் நோட்டீஸ் வந்த பிறகு 30 நாள் தவணை. அதுவரை காத்திருக்காதீர்கள்; பெயிண்ட் நாளாக ஆக இறுகும். முதலில் போட்டோ, பிறகு ஓரத்தில் சோதனை.

செங்கல் சுவரில் கம்பி பிரஷும் வேகத் தண்ணீரும் வேண்டாம். சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் பெயர்ந்தால் உள்ளிருக்கும் மென்மையான பகுதி தண்ணீரைக் குடிக்கும். தின்னரை ஊற்றித் துடைத்தாலும் ஆபத்துதான்: நிறம் கரைந்து துளைக்குள் இறங்கி, போகாத நிழலாகத் தங்கிவிடும். ஜெல் மாதிரி கெட்டியான நீக்கியைத் தடிமனாகப் பூசி, லேபிளில் சொன்ன நேரம் விட்டு, பிளாஸ்டிக் தகட்டால் வழியுங்கள். கழுவுமுன் கீழ்ப்பகுதிச் சுவரை நன்றாக நனைத்துவிடுங்கள். வழியும் அழுக்கை அது உறிஞ்சாது.

பெயிண்ட் அடித்த சுவர் என்றால் கறை தடுக்கும் பிரைமர் முதலில். இல்லாவிட்டால் மார்க்கர் மை இரண்டு கோட்டிங்கையும் தாண்டி மேலே வரும். கிறுக்கல்மேல் மட்டும் சதுரமாகப் பூசாமல் மூலையிலிருந்து மூலைவரை பூசுங்கள்; திட்டு திட்டாகத் தெரியும் சுவர் அடுத்துக் கிறுக்க வருகிறவனுக்கு எழுதும் பலகை போல. ஆசிட் வைத்துக் கண்ணாடியில் எழுதியதோ எதைப் போட்டாலும் அழியாது. பாலிஷ் போட வேண்டும், இல்லை கண்ணாடியையே மாற்ற வேண்டும். அதற்குமேல் உரித்து மாற்றக்கூடிய ஃபிலிம் ஒட்டிவிட்டால், அடுத்த முறை ஃபிலிம் மட்டும்தான் போகும்.