குடியுரிமை வந்தால் வேலையில் என்ன மாறும்?

அமெரிக்காவில் இணையத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி வரும்: ‘இப்போதோ பின்னாலோ உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?’ நிறுவனத்தின் பொறுப்பில் தற்காலிகமாக வேலை செய்ய அனுமதிக்கும் எச்-1பி விசாக்காரர் ‘ஆம்’ என்றுதான் குறிக்க வேண்டும். பல நிறுவனங்களில் அதோடு கதை முடிந்தது, விண்ணப்பத்தை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு கைக்கு வந்தால் அதே கேள்விக்கு ‘இல்லை’ என்று குறிக்கலாம். ஆக, தனியார் துறையில் பெரிய தடை கிரீன் கார்டிலேயே விலகிவிடுகிறது. குடியுரிமை வந்த கையோடு சம்பளம் ஏறும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

குடியுரிமைக்கென்றே காத்திருக்கும் வேலைகள் வேறு. மத்திய அரசுப் பணிகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்கு மட்டுமே. அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு 1976-இல் பிறப்பித்த ஆணை இது. ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸ் கேட்கும் பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலைகளும் அப்படித்தான். ஆனால் கிளியரன்ஸ் தானாக வந்துவிடாது. வெளிநாட்டு உறவினர், சொத்து, பயணம் எல்லாவற்றையும் தோண்டுவார்கள், மாதக்கணக்கில் இழுக்கும்.

வெளிநாட்டுக் கிளைக்குப் போய் வருவதும் எளிதாகும். கிரீன் கார்டுக்காரர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் குடியுரிமைக்கான வசிப்புக் கணக்கில் சிக்கல். ஓராண்டு தாண்டினால் கார்டுக்கே ஆபத்து. இதற்குப் பயந்தே நல்ல பொறுப்புகளைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு.

வருமானம் கூடுகிறதா என்று அளப்பது எளிதல்ல. முன்னேறும் நிலையில் இருப்பவர்களே அதிகம் விண்ணப்பிக்கிறார்கள் என்றால், பலன் குடியுரிமையால் வந்ததா, ஆளால் வந்ததா? சுவிட்சர்லாந்தின் சில ஊர்களில் 2003 வரை குடியுரிமை விண்ணப்பங்களை ஊர்மக்களே ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்தார்கள். மயிரிழையில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளிவந்தது. வென்றவர்கள் அடுத்த 15 ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 5,000 டாலர் கூடுதலாக ஈட்டியிருந்தார்கள். அந்த ஆதாயமும் பெரும்பாலும் சமூகத்தின் விளிம்பில் இருந்தவர்களுக்கே. ஏற்கெனவே நல்ல வேலையில் இருக்கும் பொறியாளருக்குக் குடியுரிமை கூட்டித் தருவது குறைவு என்பதில் வியப்பில்லை.

காகித வேலையில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் உறுதிமொழி ஏற்கும் நாளன்று கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருவார்கள். பாஸ்போர்ட்டுக்கு அந்த அசல் சான்றிதழையே அனுப்ப வேண்டும், சில வாரங்கள் கை காலி. அந்த இடைவெளியில் புது வேலையில் சேர்ந்தால் வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கு ஓட்டுநர் உரிமமும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் போதும். ஆனால் விசாவில் வந்த புதிதில் வாங்கிய அட்டையில், அரசு அனுமதி இருந்தால்தான் வேலைக்கு இந்த அட்டை செல்லுபடியாகும் என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். அந்த அட்டையை ஐ-9-க்கு ஏற்கமாட்டார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்தில் புது அட்டை கேட்டு டிக் செய்யாதவர்கள், சான்றிதழைப் பாஸ்போர்ட்டுக்கு அனுப்பும் முன்பே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் காட்டி அட்டையை மாற்றிக்கொள்வது நல்லது.