குடல்வால் கட்டி: என் சிகிச்சையை மாற்றிய ஒரு வரி

குடல்வால் அழற்சி என்றுதான் ஆபரேஷன் செய்தார்கள். தையல் பிரித்து வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு பயாப்சி ரிப்போர்ட் வந்தது: 'லோ கிரேடு மியூசினஸ் நியோபிளாசம்'. குடல்வாலுக்குள் கோழையைச் சுரக்கும் கட்டி. வெட்டியெடுக்கும் குடல்வால்களில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றில்தான் ஏதாவது கட்டி இருக்குமாம். ஸ்கேனில் வெறும் வீக்கமாகத்தான் தெரிந்தது.

குடல்வால் கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகும் நியூரோஎண்டோகிரைன் வகை 1 செ.மீ.க்குள் இருந்தால் குடல்வாலை எடுத்ததோடு பெரும்பாலும் முடிந்துவிடும். 2 செ.மீ.க்கு மேல் போனால் பெருங்குடலின் வலப்பக்கத்தையும் எடுப்பார்கள். என் வகையில் கேள்வியே வேறு: குடல்வால் வெடித்திருக்கிறதா, கோழை வெளியே கசிந்ததா, அதில் கட்டியின் செல்கள் உண்டா? என் ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வெட்டியெடுத்த திசு இருக்கும் ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கி, இந்தக் கட்டிகளை அடிக்கடி பார்க்கும் பேத்தாலஜிஸ்டிடம் (திசுவைப் பரிசோதிக்கும் டாக்டர்) கொடுத்தேன். 'வெளிச்சுவரில் செல்களோடு கோழை' என்று எழுதினார். கட்டியின் செல்கள் குடல்வாலுக்கு வெளியே வந்துவிட்டன என்று அர்த்தம். அந்த வரிதான் எல்லாவற்றையும் மாற்றியது.

அப்புறம் சி.டி. ஸ்கேன், கொலனோஸ்கோபி, ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற கட்டிக் குறியீட்டுப் புரதத்தின் அளவு. சிறு துளை வழியாக வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபியில் இடுப்புக்குழியில் கோழை படிந்திருப்பதைப் பார்த்தார்கள். ஊசி வழியாகப் போகும் கீமோ இந்தக் கோழைக்குள் சரியாகப் போய்ச் சேராது என்று சர்ஜன் காகிதத்தில் வரைந்து விளக்கினார். அதனால் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் வயிற்று உறையோடு உரித்தெடுத்துவிட்டு, ஆபரேஷன் டேபிளிலேயே மைட்டோமைசின் என்ற கீமோ மருந்து கலந்த திரவத்தை 41–42 டிகிரி சூட்டில் வயிற்றுக்குள் சுழலவிட வேண்டும். இதுதான் ஹைபெக். கேட்கவே பயமாக இருந்தது. எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னதில்தான் எனக்குத் தைரியம் வந்தது. இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆபரேஷன் நாள் முழுக்க நீண்டது. வலியைச் சமாளித்துவிட்டேன், குடல் மறுபடி அசையத் தொடங்கும்வரை காத்திருந்ததுதான் கடினம். மூக்கில் குழாய், வாயில் ஈரப் பஞ்சு மட்டும். தினமும் காலை ரவுண்ட்ஸில் முதல் கேள்வி, "வாயு பிரிந்ததா?" ஒருநாள் ஆமாம் என்றதும் நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது ஸ்கேனும் சி.இ.ஏ.வும் தொடர்கின்றன. இந்தக் கோழை மெல்ல மெல்லத்தான் சேரும். ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்து எதுவும் சொல்லிவிட முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் பழைய ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டுபோய், ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.