தோல் நிற வலை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீடு எடுத்தபோது என் கணவரின் ஆபீஸ் நண்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "கடை பக்கம், கோயில் பக்கம், ஆனா ராத்திரி அந்தப் பின்சந்துப் பக்கம் மட்டும் போகாதீங்க." எந்தச் சந்து என்று யாரும் சொல்லவில்லை. நானாகத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை, மளிகை, வாழையிலைச் சாப்பாடு. பார்வையற்றோர் சங்கம் இந்தப் பேட்டையில் இருப்பதால் நடைபாதையில் மஞ்சள் கட்டங்கள், அவர்களே நடத்தும் மசாஜ் நிலையங்கள். நடுநடுவே இன்னொரு வகை மசாஜ் போர்டு. கண்ணாடியைப் பார்த்தாலே எது என்னவென்று தெரிந்துவிடும். முதல் வகையில் உள்ளே இருப்பது தெரியும், இரண்டாவதில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கும்.

நான் வந்தது கணவரைச் சார்ந்தவர் என்ற பாஸில். அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகக்கூடாது. திருவையாற்றில் பன்னிரண்டு வருஷம் தையல் மிஷினை மிதித்தவளுக்கு இரண்டாவது மாதமே பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்குப் பக்கத்துத் தையல்கடை அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் என் ஜாக்கெட்டின் கழுத்து பைப்பிங்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நீயே தைச்சதா? சும்மா வந்து உக்காரு லா" என்றார். அப்படித்தான் உட்கார்ந்தேன். கணக்கில் வராத வேலை, கையில் வெள்ளி. இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். முதல் நாள் "முப்பது வெள்ளி" என்று கேட்டு நான் கொலுசு எடைக்குப் போய்விட்டேன்.

அந்தக் கடைக்குத்தான் அவள் வந்தாள். சேலம் பக்கம், இருபத்து நாலு வயது இருக்கும். சுற்றுலா விசாவில் வந்து ஒரு பப்பில் ஆடுகிறாள். போர்டில் ரெஸ்டாரண்ட் என்று இருக்கும், உள்ளே சின்ன மேடை, சினிமாப் பாட்டு. போனை நீட்டி ஒரு குத்துப்பாட்டைக் காட்டினாள்.

"அக்கா, இதே மாதிரி வேணும். முதுகுல ஒண்ணுமே இருக்கக்கூடாது, கயிறு மட்டும்."

பாட்டை நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோளோரத்தில் மெலிசாக ஒரு சுருக்கம். "இது வெறும் முதுகு இல்லம்மா. தோல் கலர்ல நெட் போட்டிருக்காங்க. பாரு, கயிறு இழுக்கிற இடத்துல மடிப்பு விழுது."

சிரித்தாள். "தெரியும்க்கா. போன தடவை நெட் வச்சுத்தான் தைச்சேன். லைட்டுல பளபளன்னு தெரியுது, ஏமாத்துறியான்னு ஓனர் கத்திட்டாரு."

பாட்டில் ஆடிய நடிகைக்கு நெட் உண்டு, அளவெடுக்க ஆள் உண்டு, குளிர் அடித்தால் போர்த்திவிட ஒரு உதவியாளர்கூட உண்டு. அதைப் பார்த்துக் காப்பியடிக்கும் மேடையில் அதெல்லாம் கிடையாது. திரையில் காட்டிய பொய்யை இவள் நிஜமாகச் செய்து காட்ட வேண்டும். அன்று ராத்திரி முழுக்க இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டை என்னவோ தைத்துக் கொடுத்துவிட்டேன். முதுகில் மூன்று கயிறு, நுனியில் குஞ்சம், முன்பக்கம் நழுவாமல் இருக்க உள்ளே இரண்டு வரிசை எலாஸ்டிக். அது அவள் கேட்காதது, நானாக வைத்தது.

அடுத்தடுத்து வந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். பாஸ்போர்ட் ஏஜெண்ட்டிடம் இருக்கிறது. மேடையில் ஆடும்போது பிடித்தவர்கள் காசு கொடுத்து மாலை வாங்கிப் போடச் சொல்வார்களாம். சாட்டின் ரிப்பனில் செய்த மாலை. விலை கூடக் கூடத் தடிமனும் கூடும். பாட்டு முடிந்ததும் அதே மாலையைக் கழற்றி அடுத்த மேசைக்கு விற்பார்கள். ராத்திரி மூன்று மணிக்கு யாருக்கு எத்தனை மாலை என்று கணக்கு. குறைந்தால் பேச்சு கேட்க வேண்டும். மாலை போட்டவர் மேசைக்குக் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். அதற்கு மேல் என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் பெண்கள் வாசிப்பு வட்டத்துக்கு என்னை இழுத்துப் போனதும் தையல்கடை அக்காதான். அந்த மாதத் தலைப்பே பெண் உடல் விற்பனைக்கு வருவது பற்றித்தான். ஒரு டீச்சர் ஆண்ட்ரியா டுவார்கின், கேத்தரின் மெக்கின்னன் என்ற அமெரிக்கப் பெண்ணியவாதிகளின் பக்கம் நின்றார். உடல் விற்பனைக்கு வந்தபின் சம்மதம் என்ற பேச்சே பொய் என்பது அவர் கட்சி. ஆபாசப் படங்களால் பாதிக்கப்பட்ட பெண்கள் வழக்குப் போட வழி செய்து அந்த இருவரும் 1983-ல் மினியாபொலிஸ் நகரத்துக்காக எழுதிய சட்ட வரைவைப் பற்றி விரிவாகச் சொன்னார். எதிரே ஒரு சமூக ஊழியர். விபச்சாரி, விலைமாது என்ற சொற்களை விட்டுப் பாலியல் தொழிலாளி என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை 1970களின் இறுதியில் கேரல் லீ உண்டாக்கினார், அவரே அந்தத் தொழிலில் இருந்தவர். கல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியில் அந்தப் பெண்களே தர்பார் என்று சங்கம் வைத்து நடத்துகிறார்கள். ஸ்வீடன் 1999-ல் வாங்குகிறவனைக் குற்றவாளியாக்கியது, நியூசிலாந்து 2003-ல் தொழிலையே குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. எந்த நாடு சரி என்று டீ ஆறும்வரை சண்டை.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லத் தோன்றியது. இது நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சண்டை இல்லை. எங்கள் ஊரில் தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்தில், தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளின் சமாதி இருக்கிறது. தியாகராஜர் சமாதிக்குக் கோயில் கட்டியதே அவர்தான். தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டம் கேட்டபோது, எங்களைக் கேட்காமல் எங்களுக்குச் சட்டமா என்று எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். முத்துலட்சுமியின் அம்மாவும் அதே சமூகம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அதே சமூகத்திலிருந்து வந்தவர், அவர் ஒழிப்பின் பக்கம் நின்று ஊர் ஊராகப் பேசினார். 1947-ல் சட்டம் வந்தது. அதற்குள் தேவதாசிகள் ஆடிய சதிராட்டம் பரதநாட்டியமாகி வேறு வீட்டுப் பெண்களின் அரங்கேற்றத்துக்குப் போயிருந்தது. ஆடியவர்களில் கொஞ்சம் பேர் சினிமாவுக்குப் போனார்கள்.

டீச்சர் உடனே சில்க் ஸ்மிதா என்றார். சரிதான். 'வண்டிச்சக்கரம்' படத்தில் சாராயக்கடைப் பெண்ணாக நடித்த பாத்திரத்தின் பெயர் சில்க். அந்தப் பெயரே கடைசிவரை அவர் மேல் ஒட்டிக்கொண்டது. கதாநாயகிகளுக்கு அப்படி ஆவதில்லை, படம் முடிந்ததும் பாத்திரத்தின் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடலாம். 1996-ல் அவர் செத்தபிறகு அவரைப் பற்றிப் பரிதாபமாகப் பேசாத ஆண் இல்லை. அதே ஆட்கள் டிக்கெட் வாங்கியபோது என்ன பேசினார்கள் என்று எங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

என் வாடிக்கைக்காரியைப் பற்றிச் சொன்னேன். "அது டான்ஸ் தானே, இதுல வராதே" என்றார் ஒருவர். வருமா வராதா என்பதை இங்கே பெரும்பாலும் ரெய்டு நடக்கும் ராத்திரிதான் முடிவு செய்கிறது. விசா மீறல் என்றால் குடிநுழைவுச் சட்டம். வாடிக்கையாளரைக் கூப்பிட்டாள் என்றால் தண்டனைச் சட்டம் 372பி, ஓராண்டு வரை சிறை. ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டாள் என்றால் 2007-ல் வந்த ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம், அப்போது அவள் பாதிக்கப்பட்டவள். ஒரே பெண், ஒரே ஜாக்கெட். மறுநாள் பத்திரிகைப் படத்தில் தரையில் வரிசையாக உட்கார்ந்து முடியால் முகத்தை மூடியிருப்பது பெண்கள்தான். மாலை வாங்கியவர்கள் படத்தில் இருப்பதில்லை. 1991-ல் ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனகானித்தா போன்ற அமைப்புகள் இந்த மாதிரிப் பெண்களுக்காக அலைகின்றன. அந்த நம்பரை அளவுச்சீட்டின் பின்னால் எழுதி அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் போன் கவரில் செருகிக்கொண்டாள். கொடுக்கும்போது கூச்சமாகவும் இருந்தது. பாஸ் விஷயத்தில் நான் மட்டும் என்ன யோக்கியம்?

அவள் கடைசியாக வந்தபோது பேச்சு பூராவும் காசுதான். குஞ்சம் பிய்ந்துவிட்டது, சும்மா தைத்துத் தரணும் என்றாள். தைத்துக் கொடுத்தேன். ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னாள், திரும்பி வருவாளா என்பது ஏஜெண்ட்டைப் பொறுத்தது.

போன மாதம் கிள்ளானிலிருந்து ஒரு அம்மா, நிச்சயதார்த்தப் பெண்ணோடு வந்தார். பெண் போனை நீட்டினாள். அதே பாட்டு, அதே முதுகு. அம்மாவுக்கு ஒரு முகச்சுளிப்பும் இல்லை, "ரொம்ப அழகா இருக்கு லா" என்றார். நெட் வைக்கணுமா வேண்டாமா என்று கேட்டேன். "கண்டிப்பா வைங்க ஆன்ட்டி, அப்பா வருவாரு" என்றாள் பெண்.

அவள் நிறத்துக்கு ஏற்ற வலை கடையில் இல்லை. மஸ்ஜித் இந்தியா போய் நாலு கடை ஏறி இறங்கி, கையோரம் வைத்துப் பார்த்து வாங்கி வந்தேன். தையல் கூலி தனி, வலை தனி. மொத்தம் 180 வெள்ளி. பேரம் பேசாமல் கொடுத்தார்கள்.